பொட்டு வைத்த ஸ்கோப்

காட்டுப்பன்றி நாற்றத்தைக்கூடச் சாந்தாமணியால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. க்ரிஷ்ஷின் பேச்சைத்தான் முடியவில்லை.

"அண்ணா, வாங்கறதுன்னு ஆயிடுச்சு. ஒன்-டு-டென் வாங்குங்க. ஒன்-டு-சிக்ஸ் எல்லாம் ஃபுல் மீல்ஸ் கடைக்குப் போய் மினி டிபன் சாப்பிடற மாதிரி."

அவள் சுட்ட தோசையை அவள் வீட்டு மேசையில் உட்கார்ந்து தின்றுகொண்டே இதைச் சொன்னான். தாம்பரத்துக்காரன். ஹூஸ்டனை ஒட்டிய கேட்டியில் அவர்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளிக் குடியிருப்பவன். வாழ்நாளில் எதையும் சுட்டதில்லை. ஆனால் யூடியூபில் மற்றவர்கள் சுடுவதைப் பார்த்துப் பார்த்து, துப்பாக்கி என்றாலே தொண்டையைச் செருமிக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்திருந்தான். அவள் கணவர் சேனாபதி சட்னி வழிவதுகூடத் தெரியாமல் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விவகாரம் இதுதான். சேனாபதிக்கு ஐம்பது வயதில் விவசாய ஆசை வந்து, ஹூஸ்டனைத் தாண்டி வாலர் பக்கம் பத்து ஏக்கர் வாங்கினார். நண்பர்கள் எல்லாரும் அதை "ஃபார்ம்" என்றார்கள். ஃபார்ம் வேலை செய்தது சாந்தாமணி. முருங்கை வைத்தாள், மஞ்சள் வைத்தாள், ஒரு பக்கம் முழுக்க நிலக்கடலை போட்டாள். கடலை பிஞ்சு பிடித்த வாரம் பன்றிகள் வந்தன. பன்றி வயலில் மேய்வதில்லை, வயலையே புரட்டிப் போடுகிறது. சனிக்கிழமை காலை போய் இறங்கினால் மண் குடல் சரிந்ததுபோல் கிடக்கும். நடுவில் மூத்திரமும் சேறும் கலந்த குட்டை, அதில் உதிர்ந்த முள்மயிர், கரை முழுக்க விட்டை. அந்த வாடை காரில் ஏறி, வீட்டுக்கு வந்து, திங்கட்கிழமை அவள் ஆபீஸ் பேட்ஜ் கயிற்றிலும் இருக்கும்.

வேலி போட்டார்கள், அடியில் தோண்டிக்கொண்டு வந்தன. கூண்டு வைத்தார்கள், குட்டிகள் மாட்டின, பெரிசுகள் வெளியே நின்று பார்த்தன. கடைசியில் சேனாபதி ரைஃபிள் வாங்கினார். சாந்தாமணி தடுக்கவில்லை. ஆடும் கோழியும் சமைக்கிறவள், சாவைக் கண்டு முகம் திருப்புகிறவள் இல்லை. ஒன்றே ஒன்று சொன்னாள்.

"சுட்டா நின்ன எடத்துலயே உழுகோணுமுங்க. கத்தக்கூடாது. ஒண்ணு கத்துச்சுன்னாலும் நெலத்த வித்துப்போடலாம். அப்பறம் நான் அங்க கால் வெக்க மாட்டேன்."

"அதுக்குத்தான புள்ள ஸ்கோப்பு," என்றார் சேனாபதி.

ஸ்கோப் என்பது துப்பாக்கி முதுகில் உட்காரும் தொலைநோக்கிக் குழாய். இவர்கள் பார்த்த ரகத்தில் ஒரு வளையம் இருக்கும். அதை ஒன்றில் வைத்தால் வெறுங்கண்ணால் பார்ப்பதுபோலவே தெரியும். திருப்பத் திருப்ப ஆறு மடங்கோ எட்டு மடங்கோ பத்து மடங்கோ பெரிதாகும். பக்கத்திலும் சுடலாம், கொஞ்சம் தள்ளியும் சுடலாம். இதில் எது என்பதுதான் கேள்வி. கேட்டியில் தமிழர்கள் எந்தக் கேள்விக்கும் பதில் தேடுகிற வழியிலேயே சேனாபதியும் தேடினார். வாட்ஸாப் குழுவில் வாக்கெடுப்பு வைத்தார். டேகேர், கார், கிரைண்டர் எல்லாம் தேர்ந்தெடுத்த அதே குழு. நாற்பது பேர் வாக்களித்தார்கள், அதில் துப்பாக்கியைத் தொட்டவர் ஒருவரும் இல்லை. பத்து பெரிய எண் என்பதால் பத்து ஜெயித்தது. ஒருத்தர் கட்டைவிரல் படம் போட்டார், ஒருத்தர் புலிப் படம் போட்டார்.

வந்த ஸ்கோப் கனமாக, கறுப்பாக, பார்க்க மிரட்டலாக இருந்தது. அடுத்த வாரமே ஆயுத பூஜை வந்தது.

ஹாலில் ஜமுக்காளம் விரித்து இரண்டு லேப்டாப், வைஃபை ரூட்டர், டிரில் மெஷின், கார் சாவிகள், மண்வெட்டி எல்லாவற்றையும் அடுக்கினார் சேனாபதி. தோட்டா எடுத்த ரைஃபிள் நடுவில். சாந்தாமணி சுண்டல் தாளித்துவிட்டு வந்து பார்த்தபோது ஸ்கோப்பின் முன்பக்கக் கண்ணாடியில், நட்டநடுவில், வெள்ளிக்காசு அகலத்துக்குச் சந்தனம் அப்பி அதன்மேல் குங்குமம் வைத்திருந்தார்.

"ஏனுங்க, கண்ணாடி மேலயா வெச்சீங்க?"

"அதான புள்ள அதுக்கு நெத்தியாட்ட இருக்குது."

"மூடி போட்டு மூடி மேல வெக்கறதுதானுங்க?"

"மூடிக்குப் பொட்டு வெச்சா மூடிக்குத்தான் பூஜை."

மறுநாள் குளியல் துண்டின் ஓரத்தைத் தண்ணீரில் நனைத்து அழுத்தித் துடைத்தார். பகலில் ஜன்னல் வழியே பார்த்தால் எல்லாம் தெளிவாகத்தான் தெரிந்தது. கண்ணாடியின் மேல்பூச்சில் குங்குமத் துகள் இழுத்த கீறல்களும் காய்ந்த சந்தனப் படலமும் சும்மா பார்க்கிறவன் கண்ணுக்குத் தெரியாது.

அந்தச் சனிக்கிழமை மாலை சூரியன் நேர் எதிரே மரங்களுக்குமேல் நின்றபோது பன்றிகள் வந்தன. சேனாபதி பிக்கப் டிரக்கின் பின்தட்டில் மணல் மூட்டைமேல் துப்பாக்கியைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் க்ரிஷ், கையில் போன். வளையத்தைப் பத்தில் திருப்பி வைத்ததும் அவன்தான். "மேக்ஸ்ல வைங்கண்ணா, அதுக்குத்தான் வாங்கினோம்." சாந்தாமணி ஷெட் வாசலில் நின்றாள்.

"ஒண்ணுந் தெரியலியேப்பா," என்று சேனாபதி முணுமுணுப்பது கேட்டது. "பாலு கலக்குன மாதிரி வெள்ளையா இருக்குது. நடுவுல மயிரு தெரியுது. தலையா வாலான்னு தெரியல."

"சுடுங்கண்ணா, ரெக்கார்டிங் ஓடுது!"

சுட்டார்.

அந்தச் சத்தத்தைச் சாந்தாமணி அதற்குமுன் கேட்டதில்லை. துப்பாக்கிச் சத்தம் இல்லை, அதற்கப்புறம் வந்தது. மனிதக் குழந்தையும் இரும்புக் கதவும் சேர்ந்து அலறுவதுபோல். தாய்ப்பன்றி. வயிற்றில் பட்டிருந்தது. பின்கால்கள் வராமல் முன்கால்களால் தன்னை இழுத்துக்கொண்டு கடலைச்செடிகள்மேல் ஊர்ந்தது. இழுத்த வழியெல்லாம் பச்சையும் சிவப்புமாக என்னவோ கிடந்தது. மற்றவை ஓடிவிட்டன. சேனாபதி வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். க்ரிஷ் கொஞ்ச நேரம் படம் பிடித்தான், அப்புறம் டயர் ஓரத்தில் குனிந்து வாந்தி எடுத்தான்.

சாந்தாமணி துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு நடந்தாள். எப்படிப் பிடிப்பது, எப்படிச் சுடுவது என்று துப்பாக்கி வாங்கியபோது போன வகுப்பில் இருவரும் சேர்ந்துதான் கற்றிருந்தார்கள். கிட்டப் போய் வளையத்தை ஒன்றுக்குத் திருப்பிப் பார்த்தாள். குறி பார்க்கும் குறுக்குக்கோடு சிலந்தி நூல்போல் சுருங்கி, கறுத்த தோலில் காணாமல் போயிருந்தது. பத்தில் வைத்தால் பன்றி தெரியவில்லை, ஒன்றில் வைத்தால் குறி தெரியவில்லை. இதற்குத்தான் நாற்பது பேர் வாக்களித்தார்கள். குழாயை விட்டுவிட்டு, அதன் பக்கவாட்டில் வெறுங்கண்ணால் பார்த்துக் காதின் அடியில் சுட்டாள். சத்தம் நின்றது. மடியில் பால் கட்டியிருந்தது. ஈக்கள் ஏற்கெனவே வந்திருந்தன.

திரும்பும் வழியில் சேனாபதி சொன்னார். "ஃபர்ஸ்ட் வெர்ஷன் அப்படித்தான் சாந்தா இருக்கும். அடுத்த ரிலீஸ்ல ஃபிக்ஸ் பண்ணிக்கலாம்."

சாந்தாமணி கல்யாணமாகி அமெரிக்கா வந்த மறுவருடத்திலிருந்து சாஃப்ட்வேர் டெஸ்டர். மற்றவர்கள் எழுதியதில் தப்புக் கண்டுபிடிப்பது அவள் பிழைப்பு. இந்த வாக்கியத்தை எத்தனை மீட்டிங்கில் எத்தனை ஆண்கள் சொல்லிக் கேட்டிருப்பாள்! தெரிந்தே ஓட்டையோடு அனுப்புவார்கள், யாரோ ஒருவர் திரையின்முன் தலையில் கை வைத்துக்கொள்வார், இவர்கள் பீட்சா சாப்பிடப் போய்விடுவார்கள். இன்றைக்குத்தான் அந்த வாக்கியத்துக்கு வாடை இருப்பது தெரிந்தது. கார் கண்ணாடியை இறக்கிவிட்டாள்.

"நெலத்த வித்துப்போடலாம்னு நீதான சொன்ன," என்றார் அவர், ஈனக்குரலில்.

"விக்கலாமுங்க. வாங்கறவனும் இப்படித்தான் வயித்துல சுடுவான்." ஃப்ரீவே வந்ததும் மறுபடி சொன்னாள். "இனிமே அத நீங்க தொடவேண்டாம். நான் பாத்துக்கறேன். எங் கையில இன்னொண்ணு கத்துச்சுன்னா அன்னைக்கு நெலமும் வேண்டாம், துப்பாக்கியும் வேண்டாம்."

வேறு ஸ்கோப் வாங்கப் போன துப்பாக்கிக் கடை இன்னொரு அருவருப்பு. சுவர் முழுக்கப் பஞ்சடைத்த மிருகத் தலைகள், கண்ணுக்குப் பதில் கோலிக்குண்டுகள். தாடிவைத்த விற்பனையாளர் அவள் கேட்ட கேள்விக்கெல்லாம் சேனாபதியின் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னார். பெண்களுக்கு என்று ரோஸ் நிறத்தில் ஒரு உறையை எடுத்து வைத்தார். பன்றி என்றதும் உற்சாகமாகி, ஹெலிகாப்டரிலிருந்து கும்பலைச் சுடும் வீடியோ ஒன்றைப் போனில் காட்டினார். உருண்டு விழும் ஒவ்வொன்றுக்கும் சிரித்தார். சேனாபதியும் மரியாதைக்குச் சிரித்தார். அந்தச் சிரிப்பைச் சாந்தாமணி குறித்துக்கொண்டாள்.

"இந்த ஸ்கோப்புகளை வெளியே கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும்," என்றாள் ஆங்கிலத்தில். "இப்போது இல்லை. பொழுது சாயும்போது."

"யாரும் அப்படிக் கேட்பதில்லையே, மேடம்."

"பன்றி டியூப்லைட் வெளிச்சத்தில் வருவதில்லை."

சாயங்காலம் மறுபடி போனாள், தனியாக. தாடிக்காரர் மூன்று ஸ்கோப்புகளை ஒரு முக்காலியில் மாறி மாறிப் பொருத்திக் கொடுத்தார். கடைக்குப் பின்னால் வடிகால், அதன் கரையில் புதருக்கடியில் ஒரு பழைய டயர். அதுதான் பன்றி என்று வைத்துக்கொண்டாள். வெளிச்சம் குறையக் குறையப் பார்த்தாள். பத்து மடங்கில் டயர் சாம்பல் பூசணிக்காய்போல் ஆனது. கண்ணை ஒரு நூல் நகர்த்தினாலும் படம் கறுத்து மறைந்தது. எட்டு பரவாயில்லை, ஆனால் ஒன்றுக்குத் திருப்பினால் அதே சிலந்தி நூல். ஆறு மடங்கு ஸ்கோப்பில் டயரின் பட்டைகள்கூடத் தெரிந்தன. வளையத்தை எங்கே வைத்தாலும் குறுக்குக்கோடு ஒரே தடிமனில் நின்றது. நடுவில் சிவப்புப் புள்ளி எரிந்தது. தலையை முன்னே பின்னே ஆட்டினாள். தோளில் பை மாட்டிக்கொண்டு பார்த்தாள். மூச்சு வாங்கக் குதித்துவிட்டுப் பார்த்தாள். படம் மறையவில்லை.

"இது," என்றாள்.

"ஒன்-டு-சிக்ஸா?" க்ரிஷ் விஷயம் கேட்டதும் வீட்டுக்கே வந்துவிட்டான். "அக்கா, டவுன்கிரேட் பண்ணிட்டீங்களே!"

"நீ வாந்தி எடுத்த எடம் இன்னும் அப்படியேதான் இருக்குது, க்ரிஷ். பத்துல வெச்சுப் பாக்கறயா?"

அப்புறம் பல வாரங்கள் சனிக்கிழமை காலைகளில் அட்டைப்பெட்டியில் பன்றி வரைந்து சுட்டாள். நின்று, உட்கார்ந்து, கை நடுங்கும்போது, கண்ணில் வெயில் அடிக்கும்போது. எங்கே தப்பும் என்று கண்டுபிடிக்கத்தான் சுட்டாள். காதுக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்தில் வரைந்த வட்டத்துக்கு வெளியே ஒரு ஓட்டை விழுந்தாலும் அன்றைக்கு மாலை பன்றிக்காக உட்காரமாட்டாள். பன்றிகள் வந்து மஞ்சளையும் புரட்டின. சேனாபதி தலையில் அடித்துக்கொண்டார். அவள் அசையவில்லை.

வட்டத்துக்கு வெளியே ஒன்றும் விழாத சனிக்கிழமை வந்தது. சேனாபதி அதையும் குழுவில் போட்டுத் தொலைத்திருந்தார். மாலை மூன்று கார்கள் வந்து நின்றன. மடக்கு நாற்காலிகள், அலுமினிய டிரேயில் பிரியாணி, க்ரிஷ் ராணுவப்பச்சை டி-சர்ட்டில். பிரியாணி வாசனையும் பன்றிக் குட்டை நாற்றமும் ஒன்றாகக் கலந்தன.

"எல்லாரும் ஷெட்டுக்குள்ள போங்க. பேச்சு வந்துச்சுன்னா நான் எந்திரிச்சுப் போயிடுவேன்."

போனார்கள். அவள் பின்தட்டில் உட்கார்ந்தாள். லென்ஸ் மூடிகளைத் திறந்தாள். வளையத்தை ஒன்றில் வைத்து, இரு கண்ணும் திறந்து காத்திருந்தாள்.

கூட்டம் மரங்களுக்கடியிலிருந்து வந்தது. முன்னால் ஒரு கடுவன் பன்றி, தோள் உயர்ந்து, முகமெல்லாம் சேறு. வளையத்தை நாலுக்குத் திருப்பினாள். மங்கிய வெளிச்சத்திலும் காது தெரிந்தது, காதின் பின்னால் கொத்துக் கொத்தாக உண்ணிகள் தெரிந்தன. அது பக்கவாட்டில் திரும்பட்டும் என்று இருந்தாள். ஒருமுறை திரும்பியது, ஆனால் பின்னால் ஒரு குட்டி நின்றது. விட்டுவிட்டாள். ஷெட்டுக்குள் யாரோ பெருமூச்சு விட்டார்கள். குட்டி விலகியது. சிவப்புப் புள்ளி காதின் பின்னால் போய் நின்றது, நடுங்கவில்லை.

கடுவன் நின்ற இடத்தில் மடங்கியது. ஒரு கால் ஒருதரம் உதைத்தது. அவ்வளவுதான். மற்றவை புதருக்குள் மறைந்தன. அடுத்த வாரம் திரும்ப வரும், அது அவளுக்குத் தெரியும். துப்பாக்கியை இறக்காமல் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தவளைகள் கத்தின. வேறு எதுவும் கத்தவில்லை.

நிலம் தப்பியது. சந்தோஷம் வரும் என்று பார்த்தாள். வரவில்லை. உடம்பெல்லாம் எண்ணெய் பூசியதுபோல் ஒரு பிசுக்குத்தான் இருந்தது.

ஷெட் கதவு திறந்தது. "அக்கா! மாஸ்!" க்ரிஷ் போனோடு ஓடிவந்தான். "ஒரே ஒரு போட்டோ. ஒரு கால அது மேல வெச்சு, துப்பாக்கிய இப்படிப் பிடிச்சுக்கிட்டு..."

சாந்தாமணி தோட்டாவை எடுத்துவிட்டு, லென்ஸ் மூடிகளைப் போட்டாள். பிக்கப்பிலிருந்து மண்வெட்டியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். பூஜைக்கு வைத்த மண்வெட்டி, பிடியில் குங்குமம் இன்னும் ஒட்டியிருந்தது.

"குழி வெட்டு."

"அக்கா, நான் செருப்புல வந்திருக்கேன்."

"கழட்டி வெச்சுட்டு வெட்டு. ஏனுங்க, ஷெட்டுல இன்னொண்ணு இருக்குது, நீங்களும் எடுத்துட்டு வாங்க. பிரியாணி அப்பறம்."

இருவரும் வெட்டினார்கள். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சுற்றி நின்றார்கள். முழங்கால் ஆழம் போனதும் க்ரிஷ் நிமிர்ந்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"அக்கா, அந்த ஸ்கோப்போட லிங்க் மட்டும் குரூப்ல போட்டுடுங்க."

"ஆழம் பத்தல," என்றாள் சாந்தாமணி. "நரி தோண்டி இழுத்துப் போட்டுரும். இன்னும் வெட்டு."