சுருள் விளக்கு

சாவி போட்டதும் டேஷ்போர்டில் எரியும் சுருள் வடிவ விளக்கு, வண்டியின் ஸ்பிரிங்கைக் குறிக்கிறது என்றுதான் நான் நம்பியிருந்தேன். மார்கழிப் பௌர்ணமி விடியலில் என் டீசல் பிக்கப் கிளம்ப மறுத்தபோது, அடியில் படுத்து நல்ல ஸ்பிரிங்கைத் தடவிக்கொண்டிருந்தேன்.

அண்ணனுக்கு அன்று டயாலிசிஸ். கிரிவலப் பாதையில் போலீஸ் தடுப்பு வைப்பதற்குள் எங்கள் ஊரான அடி அண்ணாமலையை விட்டு வெளியேற வேண்டும். கால் வீங்கி, பைக்கில் உட்கார முடியாத நிலையிலும் அவர், "ஸ்பிரிங்கு உனக்குத்தான்டா கழண்டிருக்கு" என்றார்.

பக்கத்துத் தெரு மெக்கானிக்கை இழுத்து வந்தேன்.

"ஹீட்டர் பிளக் போயிருக்கும்ணா."

"இந்த ஊரு வெயிலுக்கு எவன்பா ஹீட்டர் வெச்சான்?"

"குளிருல டீசல் பத்திக்கறதுக்குங்க. அந்தச் சுருள் லைட்டே அதுக்குத்தான். நீங்க இன்னா நெனச்சீங்க?"

நான் சொல்லவில்லை. அண்ணன் சொல்லிவிட்டார்.

இன்ஜின் பக்கவாட்டில், டீசல் குழாய்களுக்குப் பின்னால், விரல் நீளத்தில் நான்கு பிளக்குகள் ஒளிந்திருந்தன. மூன்று செத்திருந்தன. மெக்கானிக் வயல் வழியாக டவுனுக்குப் போய் வாங்கி வந்து மாட்டும்போது மணி பத்தரை.

விளக்கு அணையும்வரை பொறுத்துச் சாவியைத் திருப்பினேன். உடனே கிளம்பியது.

மெக்கானிக் கையைத் துடைத்தபடி, "வெயில் ஏறிடுச்சுண்ணா. இப்போ பழசுலயே கிளம்பியிருக்கும்" என்றார்.

அண்ணன் வீங்கிய காலைக் காட்டியதும் போலீஸ்காரர்கள் தடுப்பைத் திறந்துவிட்டார்கள். மருத்துவமனையில் அவருடைய முறை போய், வேறொருவர் படுத்திருந்தார். மாலை வரை அண்ணன் வராந்தாவில் மூச்சுக்குத் தவித்தபடி உட்கார்ந்திருந்தார்.