மார்லிஸ் வரைந்த சுவர்ப்படம்

எங்கள் வட மினசோட்டாவில் யாரும் யாரிடமும் முகத்துக்கு நேராக "முடியாது" என்று சொல்வதில்லை. ஒன்று பிடிக்கவில்லை என்றால் "அது ஒரு மாதிரி இருக்கு" என்போம். சுத்தமாகப் பிடிக்கவில்லை என்றால் காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். மௌனம் சம்மதம் என்பார்களே, எங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் கூட்ட அறையில் அதுதான் சட்டம். அந்த அறையில் மார்லிஸ் தோர்சன் வாயைத் திறந்த கதை இது.

பெமிட்ஜி நகரைச் சுற்றியுள்ள பண்ணைகளுக்கும் ஏரிக்கரை வீடுகளுக்கும் வீட்டைச் சூடாக்கும் எரிவாயுவை லாரியில் கொண்டுபோய்த் தொட்டியில் நிரப்புவது எங்கள் தொழில். நான் கணக்குப் பிரிவில் இருந்தேன். மார்லிஸ் அடுத்த மேசை. பால்பண்ணையில் வளர்ந்தவள். சனிக்கிழமை ஆனால் உறைந்த ஏரியில் துளை போட்டு மீனுக்குக் காத்திருப்பாள். அவ்வளவு பொறுமை எனக்குச் செத்தாலும் வராது. நிறுவனக் கட்டமைப்பாளர் என்பது அவள் பதவி. நிறுவனம் எங்கே போக நினைக்கிறது, எந்தக் கணினி அதற்குத் தோள் கொடுக்கிறது, எது சும்மா தின்றுகொண்டிருக்கிறது என்பதையெல்லாம் ஒரே படத்தில் வரைந்து காட்ட வேண்டும். அவள் வரைந்த படம் கூட்ட அறைச் சுவர் முழுக்க இருந்தது. மேலே நிறுவனத்தின் குறிக்கோள்கள், கீழே கணினிகள், நடுவே கோடுகள். வைத்துக்கொள்ள வேண்டியதற்குப் பச்சை ஒட்டுத்தாள், தூக்கிப்போட வேண்டியதற்குச் சிவப்பு.

எங்கள் மேலாளர் ராய்ஸ் லிண்ட்க்விஸ்டுக்கு அந்தப் படம் வேதவாக்கு. தெற்கே இருந்த பெரிய கூட்டுறவோடு இணைவது, வாடிக்கையாளர்களைக் கைபேசியில் ஆர்டர் போட வைப்பது, பழைய இயந்திரங்களை ஒழித்துச் செலவைக் குறைப்பது: இதுதான் அவர் திட்டம். புது பில் மென்பொருள் இலையுதிர் காலத்திலேயே வந்துவிட்டது. கட்டடத்தின் அடித்தள அறையில் கிடந்த பழைய பில் கணினி இயந்திரத்தை அந்த வெள்ளிக்கிழமை நிறுத்தி, அன்றைக்கே பழைய சாமானுக்கு ஏற்றி அனுப்புவதாக ஏற்பாடு. படத்தில் அதன்மேல் சிவப்பு ஒட்டு இருந்தது. அடுத்து வரும் நாட்களில் கடுங்குளிர் என்று வானொலி சொல்லிக்கொண்டே இருந்தது.

புதன்கிழமை அவரவர் சமைத்துக் கொண்டுவந்து பகிர்ந்து சாப்பிடும் நாள். லாரிகளுக்குப் பொறுப்பான வெண்டல் இறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுட்ட எங்கள் ஊர் ஹாட்டிஷைத் தட்டு நிறைய அள்ளிக்கொண்டு வந்து உட்கார்ந்து, கைபேசித் திட்டத்தைக் கிண்டலடிக்கத் தொடங்கினார்.

"நம்ம ஆளுங்க என்னைக்கு ஆர்டர் போட்டாங்க? காலையில வந்தா எந்த வீட்டுத் தொட்டி காலியாகப் போகுதுன்னு பேப்பர் தானா வந்து கெடக்குது. அதைப் பாத்து வண்டிய அனுப்புறேன்."

"தானாவா? யாரு அனுப்புறா?" என்று மார்லிஸ் கேட்டாள்.

"யாரோ அனுப்புறாங்க. நீதானே படம் வரைஞ்சவ, என்னைக் கேக்குற?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. தட்டை அப்படியே வைத்துவிட்டு அடித்தளத்துக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. அந்தப் பேப்பரை அனுப்புவது பழைய பில் இயந்திரம்தான். அன்றாடக் குளிரை வைத்து ஒவ்வொரு வீடும் எவ்வளவு எரித்திருக்கும் என்று கணக்குப் போட்டு, தொட்டி வற்றும் முன்னே சொல்லிவிடுகிறது. அதற்கான செலவை ஏற்பது பில் பிரிவு. யார் பணம் கட்டுகிறார்கள் என்று கேட்டே படம் வரைந்ததால் மார்லிஸ் அதைப் பில்லுக்குக் கீழே போட்டுவிட்டாள். அதிலிருந்து லாரிகளுக்கு ஒரு கோடு கூட இல்லை. புது மென்பொருளுக்குப் பில் போடத் தெரியும், தொட்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. இயந்திரம் போனால் எந்த வீட்டுக்கு முதலில் போவது என்று வெண்டலுக்கே தெரியாது. நம் லாரி தானாக வரும் என்று நம்பியிருப்பவர்கள் தொலைபேசியில் கூப்பிடவும் மாட்டார்கள். அந்தக் குளிரில் ஓர் இரவு வீட்டைச் சூடாக்கும் உலை அணைந்தால் தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்கும். வயதானவர்கள் என்றால் உயிரே போகும்.

ராய்ஸிடம் ஓடினாள். இணைப்புக்காகத் தெற்கத்திக்காரர்கள் நாளைக் கூட்டத்துக்கு வருகிறார்கள், இதை ஒரு குறிப்பாகப் போட்டுவைத்து வசந்தத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் தட்டிக்கொடுத்து அனுப்பினாராம். வசந்தத்தில் யாருக்கு வேண்டும் எரிவாயு? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மார்லிஸ் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "எல்லார் முன்னாடியும் இதைச் சொன்னா படம் தப்புன்னு ஆயிடும். படம் தப்புன்னா எனக்கு இங்க என்ன வேலை?"

அவள் சாப்பிடாமல் வைத்துவிட்டுப் போன தட்டை எடுத்து மூடி வைத்தேன்.

மறுநாள் அறை நிறைந்திருந்தது. தெற்கிலிருந்து ஓர் அம்மாளும் இரண்டு பேரும் படத்தை அண்ணாந்து பார்த்துத் தலையாட்டினார்கள். ராய்ஸ் கடைசியாக வழக்கப்படி, யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். அத்தனை கண்களும் காபிக்குள் விழுந்தன. மார்லிஸும் பேசாமல் இருந்துவிடுவாள் என்றே நினைத்தேன்.

"அந்த மெஷினை நாளைக்கு நிறுத்தக் கூடாது," என்றாள் மார்லிஸ்.

ராய்ஸ் புன்னகை மாறாமல் அவளைப் பார்த்தார். "அது ஒரு மாதிரி இருக்கே, மார்லிஸ். சிவப்பு ஒட்டுனது நீதானே?"

"நான்தான். தப்பா ஒட்டிட்டேன்."

நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். ராய்ஸின் காது மடல் சிவந்தது.

"சரி. இது தப்புன்னா இந்தப் படத்துல வேற எது தப்பு?"

"தெரியல, ராய்ஸ்."

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்றால் அதுதான். தெற்கத்தி அம்மாள் பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார். அப்போது வெண்டல் காபியிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"அந்தப் பேப்பர் இல்லாம நான் ஒரு வண்டியையும் வெளிய எடுக்க மாட்டேன்."

ஒரே கூட்டத்தில் இரண்டு மறுப்பு. எங்கள் ஊரில் அப்படி யாரும் கண்டதில்லை.

இயந்திரம் நின்ற இடத்திலேயே நின்றது. இணைப்பு தள்ளிப்போனது. மார்லிஸின் பதவிப் பெயரைப் பிடுங்கிவிட்டு, படத்தை முதலிலிருந்து வரையச் சொன்னார்கள். சொன்னபடியே குளிர் வந்தது, வெளியே விட்ட மூச்சு மீசையில் உறைந்தது. ஒரு வீட்டிலும் தொட்டி வற்றவில்லை. என் வீட்டுத் தொட்டிக்கும் சொல்லாமலே லாரி வந்து நிரப்பிவிட்டுப் போனது. நடக்காமல் போன சாவுக்கு எவன் வந்து நன்றி சொல்வான்? ஒருவரும் சொல்லவில்லை.

பனி உருகும்வரை அவள் வெண்டலின் லாரிகளில் ஏறி வீடு வீடாகப் போய் வந்தாள். பிறகு புதுப் படம் சுவரில் ஏறியது. உச்சியில் இணைப்பும் இல்லை, கைபேசியும் இல்லை. "வீடு சூடாக இருக்க வேண்டும்" என்று ஒரு பெட்டி, அதிலிருந்து கீழே எல்லாக் கோடுகளும்.

ராய்ஸ் கோப்பையோடு வந்து பார்த்தார். பிறகு அந்த உச்சிப் பெட்டியில் விரலை வைத்தார்.

"இதுக்கு எந்தப் பிரிவு பணம் கட்டுது?"

"போன தடவை நானும் இதைத்தான் முதல்ல கேட்டேன், ராய்ஸ். அதான் லாரிக் கோடு விட்டுப்போச்சு," என்றாள் மார்லிஸ்.

அவர் காபியைப் பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் வழக்கப்படி நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.