வேளாண்மை ஆபீஸ் அக்கா

தகர அலமாரிக்குள் செல்போன் அதிரும் சத்தத்தை எங்கே கேட்டாலும் இன்றைக்கும் எனக்கு டைப்பிஸ்ட் அக்காவின் ஞாபகம் வந்துவிடும். எங்கள் அலுவலக வாசலில் அப்படி ஓர் அலமாரி உண்டு. போனை அதில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நாகர்கோவிலில், பெயர்ப்பலகை இல்லாத வாடகைக் கட்டடத்தில் இருந்த அரசு உளவுத்துறை அலுவலகம் அது. உளவு என்றதும் துப்பாக்கியையும் கறுப்புக் கண்ணாடியையும் நினைத்துவிட வேண்டாம். நாங்கள் வெறும் குமாஸ்தாக்கள். தபால், தட்டச்சு, சம்பளப் பட்டியல், இவைதான் எங்கள் ரகசியங்கள்.

ஆனாலும் எங்கே வேலை என்று வெளியில் சொல்லக் கூடாது. கட்டியவருக்குத் தெரியலாம், அதற்கு மேல் ஒரு காதுக்குப் போகக் கூடாது. அதனால் ஆளுக்கொரு அலுவலகத்தைச் சொல்லி வைத்திருந்தோம். நான் கூட்டுறவுத் துறை. டைப்பிஸ்ட் அக்கா வேளாண்மை ஆபீஸ். அவள் ஊரான பூதப்பாண்டியில் சுற்றிலும் வயல்காரர்கள், சும்மா விடுவார்களா? விதைநெல் எப்போது வரும், மானியம் உண்டா என்று கேட்டுத் துளைப்பார்கள். அக்காவும் வடசேரியில் கடையில் விலை கொடுத்து வாங்கிய வெண்டை விதையை, ஆபீசில் கொடுத்தது என்று கொண்டுபோய்க் கொடுப்பாள். "பொய்யின்னா அதுக்கும் உரம் போடணும் மக்கா" என்று சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பெல்லாம் அவள் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வருவதற்கு முன்பு. வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறிவிட்டது. பிள்ளைகள் இல்லை. பகலில் அடுத்த வீட்டுப் பலசரக்குக்கடை அண்ணாச்சி எட்டிப் பார்த்துக்கொள்வார். ஏதாவது என்றால் எங்கள் பிரிவின் பழைய தொலைபேசிக்கு அழைப்பார். வெறும் எண்தானே, எந்த ஆபீசின் எண் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அக்கா போட்டதைப் போட்டபடி ஓடுவாள்.

அப்புறம் நவீனமாக்கல் வந்தது. வரட்டும், யார் வேண்டாம் என்றது? புதுக் கணினி, விரல் வைத்தால் வருகைப்பதிவு, மூலைக்கு மூலை கேமரா. கூடவே வந்ததுதான் அந்தத் தகர அலமாரி. பழைய தொலைபேசியைக் கழற்ற ஆள் வந்த அன்று அக்கா அதிகாரியின் முன்னால் போய் நின்றாள்.

"சார், அந்த ஒரு போன மட்டும் விட்டிருங்க சார். வீட்டுல அவிய தனியாக் கெடக்காவ."

"மேலிடத்து உத்தரவும்மா. நான் என்ன பண்றது?"

"அப்பம் அடுத்த வீட்டு அண்ணாச்சிட்ட மட்டும் இடத்தச் சொல்லிக்கிடட்டா?"

அது மட்டும் கூடவே கூடாது என்றார். கெட்ட மனிதர் இல்லை அவர். கெட்டவராக இருந்திருந்தால் மனதாரத் திட்டியாவது தீர்த்திருப்பேன்.

அக்கா தேநீர் சாக்கில் வாசலுக்குப் போய்ப் போனைப் பார்த்துவருவாள். அடிக்கடி வெளியே போவதாகக் கேமரா காட்டுகிறது என்று விளக்கம் கேட்டார்கள். அதையும் நிறுத்தினாள். "வெப்ராளமா வருது மக்கா. இருக்கப் பிடிக்கல்ல, எந்திரிச்சுப் போவவும் முடியல்ல" என்பாள். வேலையை விடவும் வழியில்லை. மருந்துக்கும் சோற்றுக்கும் அந்தச் சம்பளம்தான்.

ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த ஒரு நாள். மதியம் சாப்பாட்டு நேரத்தில் அலமாரியைத் திறந்தால் அக்காவின் போன் அதிர்ந்துகொண்டிருந்தது. எடுத்துக் கேட்டவள் அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆட்டோவில் நான்தான் கூடப் போனேன். வழியெல்லாம், "ஒண்ணும் இருக்காது, என்னா மக்கா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். சாரல் அவள் மேல் படாமல் ஆட்டோத் திரையை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவர் தாடையைத் துணியால் கட்டிக் கிடத்தியிருந்தார்கள்.

சாயங்காலம் அதிகாரி மாலையோடு வந்தார். அக்கா வீட்டுக்காரரின் காலடியில் தலை கவிழ்ந்து இருந்தாள். கடை அண்ணாச்சி நாற்காலி போட்டுக் கொடுத்துவிட்டு மரியாதையாகத்தான் கேட்டார்.

"சாருக்கு எந்த ஆபீசு?"

வாய்ப் பழக்கம், அக்கா அங்கே சொல்லி வைத்திருந்ததே வந்தது. "வேளாண்மை ஆபீஸ்" என்றார் அதிகாரி.

அண்ணாச்சி அவர் முன்னால் வந்து நின்றார். "போன எடுக்கல்லன்னு கடையப் பூட்டிட்டு காலம்பற நான் அங்கதான் சார் ஓடி வந்தேன். அப்பிடி ஒரு ஆளு இங்க வேலையே பாக்கல்லன்னுட்டாவ. திரும்பி வந்து அவருட்ட அதத்தான் சொன்னேன், ஒம்ம வீட்டுக்காரி அங்க இல்லவேன்னு. அவரு இடக்கையத் தூக்கித் தூக்கி என்னத்தையோ சொல்லப் பாத்தாரு. கடைசி வரைக்கும் சொல்லிப் பாத்தாரு. எனக்கு ஒண்ணும் வெளங்கல்ல."

அக்காவுக்கு விளங்கிவிட்டது. அவள் எங்கே இருக்கிறாள் என்று அந்தத் தெருவில் தெரிந்த ஒரே ஆள் அவள் வீட்டுக்காரர்தான்.