மாறிருச்சுங்க, வைத்தியரே!

சில மாதத்துக்கு முன் எங்கள் மாப்பிள்ளையின் செருப்பு ஒன்று காணாமல் போனது.

இதெல்லாம் ஒரு சங்கதியா என்று கேட்பீர்கள். கோயில் வாசலில் செருப்பு போகும். கல்யாண மண்டபத்தில் போகும். ஆனால் காலில் மாட்டிக்கொண்டு நடக்கும்போதே போகுமா? போனது. தோட்டத்திலிருந்து வரப்பு வழியாக வந்தவர், வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தார். இடது காலில் இருந்தது. வலது காலில் இல்லை. எங்கே விட்டார், எப்போது விட்டார்... ஒன்றும் தெரியவில்லை.

என் தங்கச்சி சரசு சிரித்துவிட்டாள். "ஏனுங்க, ஒத்தச் செருப்போட வர்றீங்க? இன்னொண்ணை எந்த மவராசிக்குக் குடுத்துட்டு வந்தீங்க?"

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பக்கத்துத் தோட்டத்து நாச்சிமுத்து சும்மா இருப்பாரா? "விடு சரசு. தாராபுரத்துக்காரங்க சிக்கனம். ஒரு நாளைக்கு ஒரு காலுக்குத்தான் போடுவாங்க."

மாப்பிள்ளையும் சிரித்தார். சிரித்துக்கொண்டே வலது காலை மடக்கி உள்ளங்காலைப் பார்த்தார். கருவேல முள் ஒன்று ஏறி, உள்ளேயே ஒடிந்து நின்றது. ரத்தம் வந்து, மண்ணோடு சேர்ந்து காய்ந்தும் போயிருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தார்.

"வலிக்கவே இல்லீங்களே..." என்றார்.

அதற்கப்புறம் அங்கே யாரும் சிரிக்கவில்லை.

மாப்பிள்ளையைப் பற்றி இந்தப் பக்கத்தில் இதுவரை எழுதியதில்லை. பேர் பொன்னுச்சாமி. ஊர், தாராபுரத்துக்கும் கிழக்கே வானம் பார்த்த பூமி. எங்கள் அப்பா சரசுவுக்கென்று விட்டுப்போன கடலைக்காட்டைப் பார்த்துக்கொள்ள, வீட்டோட மாப்பிள்ளையாக இங்கே, பாலக்காட்டு எல்லையில் இருக்கும் வேலந்தாவளம் பக்கம் வந்தவர். நல்ல உழைப்பாளி. ஒரே ஒரு குறை: மலையாளம் வராது. அதைவிடப் பெரிய குறை, வராது என்று ஒத்துக்கொள்ள மாட்டார்.

எங்கள் பக்கம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். வீட்டில் தமிழ், வில்லேஜ் ஆபீசில் மலையாளம், சந்தையில் ரெண்டும் சேர்ந்த கூட்டாஞ்சோறு. இங்கேயே பிறந்தவனுக்கு இது மூச்சு விடுகிற மாதிரி. கிழக்கேயிருந்து வந்தவர் என்ன செய்வார்? "என்னுங்க மச்சான் பெரிய மலையாளம்! நம்ம தமிழைக் கொஞ்சம் மூக்குல பேசுனா ஆச்சு" என்பார். மூக்கால் பேசிச் சமாளித்தும்விடுவார்.

வீட்டோட மாப்பிள்ளை என்றால் ஊர் வாய்க்கு அவல். "மாமியார் ஊட்டுச் சோத்துக்கு முதுகு வளையாது" என்று நாச்சிமுத்து ஒருநாள் டீக்கடையில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். ஆனால் விளையாட்டு, கேட்கிறவன் காதில் போய் என்னவாகும் என்று சொல்கிறவனுக்கு எங்கே தெரிகிறது?

செருப்பு காணாமல் போவதற்குச் சில வாரம் முன், மழைக்குக் கிணற்றில் தண்ணீர் ஏறியது. கரண்ட் மோட்டாரை மேலே தூக்கி வைக்க வேண்டும். ரெண்டு பேர், மூன்று பேர் பிடிக்கிற வேலை. மாப்பிள்ளை யாரையும் கூப்பிடவில்லை. ஒரே ஆளாகத் தூக்கினார். முதுகு வளைந்தது, ஊர் கேட்டபடியே. வளைந்தது நிமிரவில்லை.

முதுகு பிடித்துக்கொண்டால் ஒரு லாபம் உண்டு. ஊரில் யாரெல்லாம் வைத்தியர் என்று தெரிந்துவிடும். உப்பை வறுத்து ஒத்தடம் கொடு என்றார் ஒருவர். முதுகில் உலக்கையை உருட்டு என்றார் இன்னொருவர். கால் முதலில் வரப் பிறந்தவர் எட்டி உதைத்தால் பிடிப்பு ஓடிவிடும், மில் வாட்ச்மேன் அப்படிப் பிறந்தவர்தான், விடியற்காலையில் வெறும் வயிற்றோடு வந்து உதைப்பார் என்று ஆள் அனுப்பவும் தயாரானார்கள்.

மாப்பிள்ளை வலியிலும் விடவில்லை. "உதை வாங்கித்தான் நிமிரோணும்னா அதுக்கு ஊட்டுலயே ஆளிருக்குதுங்க. வாட்ச்மேனை எதுக்குத் தொந்தரவு பண்றீங்க?"

"ஆமா, அதொண்ணுதான் பாக்கி" என்றாள் சரசு. அன்று அழுதுகொண்டே சிரித்தாள்.

கடைசியில் எல்லார் விரலும் ஒரே திசையைக் காட்டியது. மேற்கே. பாலக்காட்டு டவுனையும் தாண்டி, ஆற்றங்கரையில் இருக்கும் வைத்தியர். களரி பழகிய கை. எண்ணெய் போட்டு நீவி, முதுகில் முழங்காலைக் கொடுத்து ஒரு முறுக்கு. எலும்பு 'டக்'கென்று பேசும். அவ்வளவுதான் வைத்தியம்.

நானே அவரிடம் குணமானவன். சில வருஷத்துக்கு முன் கொண்டை ஊசி மாதிரி மடங்கிப் போனேன். 'டக்' என்றது. எழுந்து, பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை நடந்தே வந்தேன். இதைப் பொய் என்று சொன்னால் என் முதுகே என்னை மன்னிக்காது.

ஆனால் அதே பெஞ்சில் அன்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜவுளி வியாபாரி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "இவரு தொட்டதுக்கப்புறந்தான் என் கழுத்து இந்தப் பக்கம் திரும்ப மாட்டேங்குதுங்க."

"அப்புறம் எதுக்கு மறுபடியும் வந்தீங்க?"

"வேற யாருகிட்டப் போறது?"

இதுதான் முதுகுவலிக்காரனின் மொத்தக் கதை. குணமானவன் பஸ்ஸில் பேசுகிறான், சந்தையில் பேசுகிறான், கல்யாணப் பந்தியில் இலைக்கு இலை பேசுகிறான். குணமாகாதவன்? அவன் வீட்டில் குப்புறப் படுத்திருக்கிறான். அவன் எந்தப் பஸ் ஏறி வந்து நமக்குச் சொல்லப் போகிறான்? அதனால்தான் எல்லா வைத்தியருக்கும் நல்ல பெயராகவே இருக்கிறது.

சரசுதான் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனாள். சிகிச்சை அறைக்குள் ஆண்கள் மட்டும். அவள் வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். உள்ளேயிருந்து ஒரு 'டக்'. ஒரு 'அம்மா'. கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை நிமிர்ந்து நடந்து வந்தார். சரசு வைத்தியரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். சில நாள் கழித்து ஒருமுறை வந்து காட்டச் சொல்லி அனுப்பினார் அவர்.

அந்தச் சில நாளுக்குள் ஒன்று நடந்தது. "முதுகு சொகமுங்க மச்சான். ஆனா இடுப்புக்குக் கீழயிருந்து குதிங்கால் வரைக்கும் யாரோ கம்பி வச்சு இழுக்கறாப்புல இருக்குது" என்றார் மாப்பிள்ளை.

"அதை வைத்தியர்கிட்டச் சொல்லுங்க" என்றேன்.

"சொல்லாம இருப்பனுங்களா?"

ரெண்டாம் முறை போனார்கள். திரும்பி வரும்போது வலி குறைந்திருந்தது. கால் மட்டும் மரமரவென்று இருந்தது. "குணமாகறப்ப அப்படித்தான் இருக்குமாட்ட இருக்குது" என்று அவரே சொல்லிக்கொண்டார். மறுநாள்தான் அந்தச் செருப்பு காணாமல் போனது.

கோயமுத்தூருக்கு ஓடினோம். எலும்பு டாக்டர் கட்டிலில் படுக்கவைத்து, சின்னச் சுத்தியால் முழங்காலில், கணுக்காலில் தட்டினார். "பாதத்தை மேல தூக்குங்க" என்றார்.

மாப்பிள்ளை மூச்சைப் பிடித்தார். "தூக்கிட்டேனுங்க."

நாங்கள் எல்லாரும் அந்தப் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது அசையவே இல்லை.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். முதுகெலும்புக்கு நடுவில் இருக்கிற ஜவ்வு பிதுங்கி நரம்பை நசுக்கிவிட்டது என்றார். "வலி முதுகை விட்டுட்டுக் காலுக்கு இறங்கினா, அது குணமில்லைய்யா, எச்சரிக்கை. அதுக்கப்புறம் எவன் இதை மறுபடி முறுக்கினது?" என்று சத்தம் போட்டார். "எல்லாப் பயகிட்டயும் போயிட்டுக் கடைசியில எங்கிட்ட வர்றீங்க. ஆபரேஷன் பண்றேன். நரம்பு பொழைச்சா பொழைச்சது." சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். திட்டவும் அவருக்கு நேரம் அளந்துதான் இருந்தது.

டாக்டர் போனதும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வைத்தியரை வாய்க்கு வந்தபடி பேசினேன். படுத்திருந்த மாப்பிள்ளை கையை நீட்டித் தடுத்தார்.

"அவரைச் சொல்லாதீங்க மச்சான். சாதாரண ஆளில்லீங்க அவரு. வலி காலுக்கு எறங்குனதைப் பத்தி நான் வாயே தொறக்கலை, அவரா கண்டுபுடிச்சுட்டாரு!"

"என்ன கண்டுபுடிச்சாரு?"

"உள்ள போய் உக்காந்ததும் அவரே கேட்டாருங்க, 'வேதன மாறியோ?'ன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"மாறிருச்சுங்க வைத்தியரே, நல்லாவே மாறிருச்சுன்னேன். அவருக்கு ஒரே சந்தோசம். முதுகுல தட்டிக் குடுத்தாருங்க. முன்னைவிட நல்லா அழுத்தி ஒரு முறுக்கு முறுக்கினாரு."

படிக்கிற உங்களில் பாலக்காட்டுக்காரர்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். மலையாளத்தில் வலி மாறியது என்றால் வலி தீர்ந்தது என்று அர்த்தம். காய்ச்சல் மாறும், இருமல் மாறும், புண் மாறும். எல்லாம் குணமாகிறதுதான். நம் தமிழில் ஒன்று மாறினால்? இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான். வலி தீர்ந்ததா என்று அவர் கேட்டார். முதுகிலிருந்து காலுக்கு மாறிவிட்டது என்று இவர் சொன்னார். கேட்டவர் கேட்டதும் சரி, சொன்னவர் சொன்னதும் சரி. நடுவில் ஒரு கால் மாட்டிக்கொண்டது.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எந்த ஊர் வாய் என்று பழமொழி சொன்னவர் சொல்லாமல் விட்டுவிட்டார்.

அவருக்குத் தமிழ் புரியும் என்று நாங்களும், எங்களுக்கு மலையாளம் புரியும் என்று அவரும் நம்பித்தான் இத்தனை காலமாக அந்த மேஜையில் முதுகைக் கொடுத்து வந்திருக்கிறோம். சந்தையில் ஒரு சொல் தவறினால் வெண்டைக்காய்க்குப் பதில் வேறு காய் வரும். வீட்டில் திட்டு விழும். வைத்தியர் மேஜையில் ஒரு சொல் தவறினால்...

மாப்பிள்ளைக்கு விஷயத்தைச் சொன்னேன். அவர் மெதுவாகக் கேட்டார்.

"அப்ப, மாறலைன்னு நான் சொல்லியிருந்தா அவரு முறுக்காம விட்டிருப்பாருங்களா மச்சான்?"

தீரவில்லை என்றால், தீர வேண்டுமே என்று இன்னும் ஓங்கி முறுக்கியிருக்கவும் கூடும். காலில் வலி என்று கேட்டுப் பயந்து கையை எடுத்திருக்கவும் கூடும். உங்களில் யாருக்காவது தெரியுமா?

ஆபரேஷன் முடிந்தது. முதுகு வலி இல்லை. கம்பி வைத்து இழுப்பதும் இல்லை. பாதம்தான் எழும்பவில்லை. தண்ணீரில் நடக்கிறவர் போல முழங்காலை உயரத் தூக்கித் தூக்கி வைக்கிறார். வீட்டு வாசலில் நடக்கலாம். உழுத காட்டில் கட்டியிலும் சாலிலும் கால் தட்டி விழுகிறார். விழுந்தால் சரசு ஓடி வருவதற்குள் எழுந்துவிட வேண்டும் என்று பார்க்கிறார். முடிவதில்லை.

கடலைக்காட்டை இந்தப் போகம் நாச்சிமுத்துவுக்குக் குத்தகைக்கு விட்டாயிற்று. நாச்சிமுத்து நல்ல மனுஷன்தான். காலையில் வேலியோரம் வந்தால் "டீ குடிச்சாச்சுங்களா மாப்பிள்ளை?" என்று மரியாதையாகக் கேட்கிறார். பழைய கிண்டல் ஒன்றும் இல்லை.

"அதுதாங்க தாங்க முடியலை" என்றார் மாப்பிள்ளை. "முன்ன மாதிரி ரெண்டு வார்த்தை வைஞ்சார்னா தேவலைங்க. கிண்டல் பண்றதை நிறுத்திட்டாருன்னா, இனி நம்மளால ஒண்ணும் ஆகாதுன்னு முடிவு பண்ணிட்டாருன்னுதானுங்களே அர்த்தம்?"

போன ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் பஸ் ஏறி வைத்தியரிடம் போனேன். சண்டை போடத்தான் போனேன். பெஞ்சில் வழக்கம்போலக் கூட்டம். பாதிப் பேர் எங்கள் கிழக்கத்திக்காரர்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக வளைந்திருந்தார்கள்.

விஷயத்தைச் சொன்னதும் வைத்தியர் முகம் சுருங்கியது. "மாறி எந்நு அயாளல்லே பறஞ்ஞது?" என்றார். மாறிவிட்டது என்று அந்த ஆள்தானே சொன்னார் என்கிறார்.

ஆமாம், அவர்தான் சொன்னார். ஆனால் தமிழில் சொன்னார் என்று விளக்கினேன். எங்கள் மாறி எது, உங்கள் மாறி எது என்று ரெண்டு பாஷையிலும் எடுத்துச் சொன்னேன். வைத்தியர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையைத் துடைக்க ஆரம்பித்தார். எண்ணெய் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் கொண்டுபோன சண்டையை எங்கே இறக்கி வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பெஞ்சில் இருந்தவர்களை ஒருமுறை பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்து, சின்னப் பிள்ளை பாடம் கேட்கிற மாதிரி, அவருக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். வலி குணமானால் நீங்கள் தமிழர்கள் அதை எப்படித்தான் சொல்வீர்கள்?

"போச்சுன்னு சொல்லுவோம், வைத்தியரே" என்றேன். "வலி போனாலும் போச்சு. காலு போனாலும் போச்சு."