தலைவலி என்று சொன்னேன்

கண்ணில் சொட்டு மருந்து விட்டு மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. வாயைத் திறந்து சொல்லாதவரை என்னை யாரும் சரியான அறைக்கு அனுப்பப்போவதில்லை.

நான் வந்தது மனநலப் பிரிவுக்கு. நான்கு மாதமாகப் புத்தகத்தைத் திறந்தால் ஒரே வரியில் நிற்கிறேன். கல்லூரியில் எந்தப் போட்டிக்கும் முதலில் பெயர் கொடுத்தவள், இப்போது போன் அடித்தாலே நெஞ்சு படபடத்து அதைத் தலையணைக்கு அடியில் தள்ளுகிறேன். என் பழைய வேகம் எனக்குத் திரும்ப வேண்டும். சொல்ல வேண்டியதை ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறியதிலிருந்து மனப்பாடம் செய்தேன். காவிரிப் பாலம் தாண்டும்வரை நன்றாகத்தான் வந்தது.

திருச்சியில் ஆஸ்பத்திரிச் சீட்டு வரிசையில் நின்றால், எனக்குப் பின்னால் எங்கள் தெரு மாமி!

"என்னடி, நோக்கு என்ன உடம்புக்கு?"

"தலைவலி மாமி."

கவுண்டரில் இருந்த அக்கா நிமிரவே இல்லை. "ரொம்பப் படிப்பியாம்மா?" என்று கேட்டுவிட்டு, கண் பிரிவு என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

கண் பிரிவில் பக்கத்து நாற்காலியில் ஓர் இளைஞர், அவரும் மருந்து விட்டுக்கொண்டு. "படிக்கிறீங்களா?" என்றார்.

"ஆமா. தலைவலின்னு சொன்னேன்."

"நானும் அதேதாங்க. வெல்டிங் வேலைன்னதும் கண்ணுக்கு அனுப்பிட்டாங்க." குரலைத் தாழ்த்தினார். "எங்க அக்கா பொண்ணு, 'மாமா சிரிக்கவே மாட்டேங்குது'ன்னுச்சு. அதுக்காகத்தான் வந்தேன்."

நான் என் கதையைச் சொன்னேன். பார்வை மங்கியிருந்ததால் அவர் முகம் தெரியவில்லை. அதுவே வசதியாக இருந்தது.

"நம்ம ரெண்டு பேருக்கும் கண்ணு நல்லாத்தாங்க இருக்கு, வாய்தான் ரிப்பேர்" என்று சிரித்தார். "இங்கயே ஒரு தடவ சொல்லிப் பாருங்களேன்."

சொன்னேன். "மனசு சரியில்ல. டாக்டரப் பாக்கணும்." நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

அந்தப் பக்கம் போன நர்ஸ் நின்றார். "அது எதிர்க் கட்டடம்மா, மாடில. இன்னிக்கு டைம் முடிஞ்சிருச்சு, நாளைக்குக் காலைல வாங்க." தண்ணீர்க் குழாய் எங்கே என்று கேட்டிருந்தாலும் இதே குரலில்தான் சொல்லியிருப்பார்.

நாளைக் காலை எட்டு மணிக்குக் கவுண்டர் திறக்கும். அந்த வெல்டிங்காரரும் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வருகிறார். முதல் ஆளாக அவரே நிற்பதாகச் சொன்னார். முடியாது என்றுவிட்டேன். மாமி பின்னால் நின்றாலும் சரி, தெருவே நின்றாலும் சரி, முதலில் நான் சொல்லப்போகிறேன்.