தங்கையின் சம்மதம்

பார்வை மங்கிய என் தங்கை பண்டத்தரிப்பில் தனியே இருந்தாள். அவளை என்ன செய்வதென்று முடிவெடுக்க, உறவினர் அவள் வீட்டிலேயே கூடினோம். ஒரு கதிரையில் செம்பை அண்டக்கொடுத்துக் கைபேசியை நிறுத்தினோம். அதில் கனடாவிலிருக்கும் தம்பி. தங்கைக்குக் கதிரை மிஞ்சவில்லை. அவள் குசினிக்குள் எங்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

முதியோர் இல்லமென்று முடிவானது. "அவள் என்ன சொல்லுறாள், அண்ணை?" என்றான் தம்பி.

"அவளுக்கு ஓம்தான்," என்றேன். நான் அவளைக் கேட்டிருக்கவேயில்லை.

பின்னால் தட்டத்துடன் வந்து நின்றவள் சொன்னாள்: "என்ரை வாயையும் நீங்களே வச்சிருக்கிறியளோ, அண்ணை?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுத் தேநீரை எடுத்தேன். அப்போதாவது கேட்டிருக்கலாம்.

இப்போது இல்லத்துக்குப் போகும்போதெல்லாம், தோடம்பழம் உரிக்கவா என்பதைக்கூட அவளிடம் கேட்டே செய்கிறேன். எதற்கும் "ஓம், அண்ணை" என்கிறாள்.