கடைசி ஆளுக்குப் பின்னால்

இதில் ஒரு சொல்லைக்கூட நான் கூட்டவில்லை. இது யாருக்கு நடந்ததோ அவன் பெயர் அம்ஹர். தலவாக்கலையில் பெயின்டும் ஆணியும் தண்ணீர்க் குழாயும் விற்கிற கடையில் இன்றைக்கும் உட்கார்ந்திருக்கிறான். சந்தேகம் இருந்தால் போய்க் கேட்கலாம். மழை இல்லாத நாளாய்ப் பார்த்துப் போங்கள். மழை பெய்யும்போது அவன் இதைப் பற்றி வாய் திறக்க மாட்டான்.

போன ஒக்டோபர் மாதம். வியாழக்கிழமை.

அவனுக்கு மகன் பிறந்து பதினெட்டு நாள். மனைவி ரிஃப்னா நாற்பது நாள் கழிப்பதற்காகப் பூண்டுலோயாவில் தாய் வீட்டில் இருந்தாள். பிள்ளை இரவு முழுக்க அழும். அம்ஹர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு இரவு முழுக்க நடப்பான். விடிந்ததும் பைக்கில் தலவாக்கலைக்கு வந்து கடை திறப்பான். மாலையில் அடைத்துவிட்டு மறுபடி பூண்டுலோயா. அந்தப் பதினெட்டு நாளில் மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கியதாக அவனுக்கு நினைவில்லை.

பைக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நானூறு சிசி. நான்கு சிலிண்டர். முன்னால் காற்றுத் தடுக்கும் கண்ணாடி இல்லை, பக்கத்தில் மூடி இல்லை. எஞ்சின், குழாய், சட்டம் எல்லாம் பச்சையாய் வெளியே தெரியும். கத்தாரில் ஆறு வருஷம் வெயிலில் வெந்து வாங்கியது. சங்கிலிக்கு எண்ணெய் போடாமல் அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் சாப்பிட உட்கார்ந்ததில்லை. மாமியார் பௌசியா அதை முதல்முதல் பார்த்தபோது சொன்னது இது:

"இவ்ளோ சல்லி குடுத்து வாங்கினீங்க மருமகன், அதுக்கு ஒரு உடுப்பு வாங்கலயா? எலும்பெல்லாம் தெரியுதே!"

ஞாயிறுகளில் அட்டன் பையன்கள் எட்டுப் பத்துப் பேரோடு சேர்ந்து பைக்கில் ஓடுவான். கூட்டமாய் ஓடுகிறவர்களுக்கு ஒரு முறை உண்டு. முன்னால் போகிறவர், பாதை பிரிகிற இடத்தில் ஒருவரை நிறுத்திவிட்டுப் போவார். நிற்கிறவர் திரும்ப வேண்டிய பக்கத்துக்குக் கையை நீட்டிக் காட்ட வேண்டும். மழையோ பனியோ, கடைசி பைக் வரும்வரை அசையக் கூடாது. கடைசி ஆள் நெருங்கும்போது இரண்டு முறை ஹார்ன் அடிப்பார். 'நான்தான் கடைசி, நீ கிளம்பு' என்று அர்த்தம். நின்றவர் கிளம்பி அவருக்கு முன்னால் சேர்ந்துகொள்வார். ஓட்டம் முடிந்ததும் கடைசி ஆள் தலைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, "எல்லாரும் வந்தாச்சு. வீட்டுக்குப் போங்க" என்பார். அதற்குப் பிறகுதான் கலைவார்கள்.

அவர்கள் கூட்டத்தில் எப்போதும் கடைசி ஆள் அம்ஹர்தான்.

அன்று கடையைப் பூட்டும்போது நேரம் 4.20. ரிஃப்னாவிடமிருந்து போன் வந்தது.

"பஸ்ல வாங்களே. காலைல ஒங்கட கண்ணப் பாத்தேன். செவந்து கெடந்துச்சு."

"பஸ் வந்து சேர ஆறரையாகும். பைக்னா ஒரு மணித்தியாலம்."

"வீட்டுக்கு வந்து தூங்குங்க. வழியில தூங்கிறாதீங்க."

சிரித்துக்கொண்டே சொன்னாள். ஆனால் அவளுக்கு அது விளையாட்டில்லை. அவனுக்கும் தெரியும்.

டவுனைத் தாண்டியதும் மழை. 4.35க்குப் பனிமூட்டம் இறங்கிவிட்டது. பகல்தான். ஆனாலும் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. தேயிலைச் செடிகள் சாம்பல் நிறத்தில் வந்து வந்து மறைந்தன. மழை நேரே நெஞ்சில் அடித்தது. எஞ்சின் சூடு மட்டும் முழங்காலுக்கு இதமாய் இருந்தது. அந்த இதம்தான் ஆபத்து. தூக்கம் அங்கிருந்துதான் ஏறியது.

விழித்திருப்பதற்காக ஹெல்மட்டுக்குள் சத்தமாய்க் குழாய் அளவுகளைச் சொல்லிக்கொண்டே ஓட்டினான். அரை இஞ்ச்... முக்கால் இஞ்ச்... ஒரு இஞ்ச்... ஒன்றரை...

4.52. மீட்டரில் அந்த நேரத்தைப் பார்த்தது அவனுக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஏழாம் நம்பர் மலை முடக்கு. அந்த வளைவில் தோட்டப் பாதை ஒன்று வலப்பக்கம் பிரியும். மெயின் ரோடு இடப்பக்கம் வளையும். மூலையில் வீரய்யா என்பவரின் பெட்டிக்கடை. அன்று கடை பூட்டியிருந்தது.

கடைக்கு எதிரே ஒரு பைக். பக்கத்தில் ஓர் ஆள். ஆரஞ்சு நிற ரெயின்கோட். ஹெல்மட் கண்ணாடி இறக்கியிருந்தது. இடது கை நேராய் நீண்டிருந்தது. இடப்பக்கம் போ என்று.

அம்ஹர் யோசிக்கவில்லை. யோசிக்கிற மூளை தூங்கிவிட்டது. பழகிய கட்டைவிரல் தானாய் நகர்ந்தது.

பீப்... பீப்.

நீண்டிருந்த கை மெதுவாய் இறங்கியது.

அம்ஹர் தாண்டிப் போனான். ஒரு இஞ்ச்... ஒன்றரை இஞ்ச்... அரைக் கிலோமீட்டர் போனபிறகுதான் உறைத்தது.

இன்றைக்கு வியாழக்கிழமை.

கூட்டம் இல்லை. அவன் தனியாக வந்திருக்கிறான்.

அப்படியென்றால் அங்கே நின்றது யார்? யாருக்காக நின்றான்?

கண்ணாடியைப் பார்த்தான். பின்னால் ஒற்றை வெளிச்சம்.

சரி, வேறு யாரோ, வேறு ஏதோ கூட்டம் என்று மனதைத் தேற்றினான். முந்திப் போகட்டும் என்று வேகத்தைக் குறைத்தான். வெளிச்சமும் குறைந்தது. இழுத்தான். அதுவும் இழுத்தது. நிற்கிறவர் முன்னால்தான் சேர வேண்டும். கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் வரக் கூடாது. அதனால்தான் அவன் கடைசி ஆள்.

5.03. ஒரு கொண்டை வளைவு. வளைந்தால் பின்பாதை மண்மேட்டுக்குப் பின்னால் மறைந்துவிடும். வளைந்தான்.

வெளிச்சம் மறையவில்லை. இரண்டு கண்ணாடியிலும் அதே அளவில் நின்றது.

அப்போதுதான் இன்னொன்றைக் கவனித்தான். பின்னாலிருந்து அவ்வளவு வெளிச்சம் விழுந்தால், முன்னால் பனிமூட்டத்தில் அவனுடைய நிழல் விழ வேண்டும்.

நிழல் இல்லை.

சரிவில் எஞ்சினை நிறுத்திவிட்டு பைக்கை உருட்டினான். காதைத் தீட்டிக்கொண்டான். மழைச் சத்தம். டயர் தண்ணீரைக் கிழிக்கிற சத்தம். அவனுடைய டயர் மட்டும்.

பின்னால் எஞ்சின் சத்தம் இல்லை...

மறுபடி ஸ்டார்ட் செய்தான். வாய் தானாய்க் குர்ஆன் ஓதத் தொடங்கியது. பாதியில் ஆயத்து மறந்து குழாய் அளவு வந்தது. மறுபடி ஆரம்பித்தான். ஒரு பயந்த மனிதனுக்குத் தூக்கம் வராது என்பார்கள். பொய். பதினெட்டு நாள் தூங்காதவனுக்குப் பயத்துக்குள்ளேயும் தூக்கம் வரும்.

5.14. கண் மூடியது.

எவ்வளவு நேரமென்று தெரியாது. ஒரு நொடியாக இருக்கலாம்.

பளீரென்று கண்ணாடியில் வெளிச்சம் வெடித்தது.

கண் திறந்தான். முன்னால் ரோடு இல்லை. வெள்ளைக் கோட்டைத் தாண்டி, புல்லைத் தாண்டி, முன்சக்கரம் பள்ளத்தின் விளிம்பில் ஓடிக்கொண்டிருந்தது.

உடம்பால் பைக்கை இழுத்தான். பின்சக்கரம் சறுக்கியது... பிடித்தது.

ரோடு.

பின்னால் வெளிச்சம் பழையபடி தணிந்தது. அதே தூரம். அதே அளவு.

அதற்குப் பிறகு அவன் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

5.26. பூண்டுலோயா. மாமியார் வீட்டுக் கேட். பைக்கை உள்ளே தள்ளிவிட்டு வெளிக்குழாயில் கை கால் கழுவினான். கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்குள் ரோட்டிலிருந்து நேரே வரக்கூடாது என்பது பௌசியாவின் கட்டளை. கொஞ்சம் நின்று, கழுவிவிட்டுத்தான் வர வேண்டும். உள்ளே பிள்ளை வீறிட்டது.

பௌசியா கதவைத் திறந்தார். கையில் தட்டு. தட்டில் இரண்டு கோப்பை பிளேன்டீ.

"ரெண்டு எதுக்கு மாமி?"

"கூட்டாளிக்கும் சேத்துத்தான்." பௌசியா அவனைத் தாண்டிக் கேட்டைப் பார்த்தார். "அந்தப் புள்ளய ஏன் மழையில நிக்க வெச்சிருக்கீங்க? உள்ள வரச் சொல்லுங்க."

அம்ஹர் திரும்பவில்லை.

"சொல்லாதீங்க மாமி. உள்ள போங்க. கதவச் சாத்துங்க."

"என்ன மருமகன்..."

"சாத்துங்க."

பௌசியா கதவைச் சாத்தினார். அதன் பிறகுதான் திரும்பினான்.

பனிக்குள் ஆள் தெரியவில்லை. கேட்டுக்கு வெளியே இடப்பக்க சிக்னல் லைட் மட்டும் எரிந்து எரிந்து அணைந்தது. மஞ்சள். இருட்டு. மஞ்சள். இருட்டு.

ஓடலாம் என்று நினைத்தான். ஆனால் அவனுக்குப் பின்னால் ஒரு கதவு. கதவுக்குப் பின்னால் ரிஃப்னா. அவள் கையில் பதினெட்டு நாள் பிள்ளை.

இவன் ஏன் வந்தான்? ஹார்ன் அடித்து நான் கூப்பிட்டேன், வந்தான்.

ஏன் போகாமல் நிற்கிறான்?

அவனுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

அம்ஹர் வாயைத் திறந்தான். இரண்டாம் முறைதான் குரல் வந்தது.

"எல்லாரும் வந்தாச்சு... வீட்டுக்குப் போங்க."

மஞ்சள். இருட்டு.

மஞ்சள்.

இருட்டு...

மறுபடி எரியவில்லை. நேரம் 5.31.

அன்று இரவு பிள்ளை அழவில்லை. அம்ஹரும் சுபஹ் தொழுகை வரை தூங்கினான். நடந்ததை அந்த ஞாயிறு வரை ரிஃப்னாவிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் கடைசி வார்த்தைகளை முக்கியமாய் யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். வெள்ளியிலிருந்தே மழை இல்லை. ஏழாம் நம்பர் மலை முடக்கில் பைக்கை நிறுத்தினான். வீரய்யா தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார்.

"வீரய்யாண்ண, மழை நேரத்துல இங்க யாராவது..."

வீரய்யாவின் கை நின்றது. "நீங்களும் பாத்தீங்களா மொதலாளி?"

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பைக் கூட்டம் இந்த வழியாய்ப் போனதாம். விஜிதரன் என்கிற பையனை முடக்கில் நிறுத்திவிட்டுப் போனார்களாம். லிந்துலைப் பையன். கொழும்பில் வேலை. கடைசியாய் வர வேண்டிய ஆள் களைத்துப்போய், யாரிடமும் சொல்லாமல் வேறு வழியாய் இறங்கிவிட்டான்.

"நல்ல மழை. நானே சொன்னேன், 'யாரும் வரல, நீ போப்பா'ன்னு. 'கடைசி ஆளு வரணும்ண்ணே'ன்னான். ஒன்றர மணி நேரம் நின்னான். மரக்கறி லொறி ஒண்ணு பிரேக் புடிக்காம வந்துச்சு. ஆளும் போயிட்டான், பைக்கும் நசுங்கி வெறும் இரும்பாப் போச்சு." வீரய்யா குரலைத் தாழ்த்தினார். "அதுலேர்ந்து மழ வந்தா நிப்பான். சேவல் அறுத்துப் பாத்தோம், பூசாரியக் கூட்டியாந்து பாத்தோம், போகல. பழகிப்போச்சு. மழ வந்தா நான் கடைய சாத்திருவேன். வெயில் நாள்லகூட அங்க ஆளு இருக்குற மாதிரியே இருக்கும். ஆனா வெள்ளிக்கெழம காலைல வந்து பாத்தேன்... எடமே வெறிச்சோடிக் கெடந்துச்சு மொதலாளி. எனக்கு எப்புடிச் சொல்றதுன்னு தெரியல. இனிமே நிக்க மாட்டான்னு தோணுது."

"அவங்க வீடு?"

"லிந்துலையில லயம். தாய் மட்டுந்தான் இருக்கு. காளியாயின்னு கேளுங்க."

அம்ஹர் போகாமல் இருந்திருக்கலாம். போனான்.

தோட்டத் தொழிலாளர் வீடுகள் வரிசையாய் ஒட்டி நிற்கிற லயத்தின் கடைசிக் காம்பரா. வாசல் மண் காய்ந்து வெடித்திருந்தது. முன்திண்ணையான இஸ்தோப்பின் சீமெந்துத் தரையும் உலர்ந்திருந்தது, ஒரு கோட்டைத் தவிர. பைக் டயரின் தடம். ஈரமாய். வாசலிலிருந்து கதவு வரை போயிருந்தது.

திரும்பி வந்த தடம் இல்லை.

காளியாயி வெளியே வந்தார். கொழுந்து பறித்துக் காய்த்த கை. மெலிந்த முகம். அவனையும் பைக்கையும் பார்த்தார். யாரென்று கேட்கவில்லை. உதட்டில் விரலை வைத்தார்.

"மெதுவா பேசுங்க தம்பி. அவன் தூங்குறான்."

அம்ஹர் ஹெல்மட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

"மூணு வருஷமா நின்னுருக்கான்ல. அசதி." தடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வியாழக்கெழம வந்தான். ஆறு அடிச்சு கொஞ்ச நேரம் இருக்கும். கோவில்ல மணி அடிச்சாங்க. 'ஏம்பா இவ்ளோ நாளு'ன்னு கேட்டேன். 'எல்லாரும் வந்தாச்சு, வீட்டுக்குப் போங்கன்னு இப்பத்தாம்மா சொன்னாங்க'ன்னான்."

உள்ளே இருட்டாக இருந்தது. சேலையால் மறைத்த தடுப்புக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். நீளமாய்... மெதுவாய்... நெடுநாள் தூங்காதவர்கள் தூங்குகிற மாதிரி.

அம்ஹர் பைக்கை ஸ்டார்ட் செய்யவில்லை. நியூட்ரலில் போட்டு, சத்தம் வராமல், மெயின் ரோடு வரைக்கும் தள்ளிக்கொண்டே போனான்.